கம்பியில் குறையா, வால்வில் குறையா? இழுவைச் சோதனையில் வேகம் செய்யும் குழப்பங்களை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

கடலூரில் ஒரு சிறிய சோதனைக்கூடத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். மாதிரியை இழுத்துப் பார்க்கும் 60 டன் ஹைட்ராலிக் இயந்திரம் (யூடிஎம்) ஒன்று, அடித்து உடைத்துப் பார்க்கும் பழைய சார்ப்பி சுத்தியல் ஒன்று, எடைத் தராசு ஒன்று இருக்கின்றன. சிப்காட்டில் இருந்து பிளேட் வரும். வீடு கட்டுகிறவர்களும் பாலம் கட்டுகிறவர்களும் டிஎம்டி கம்பி கொண்டுவருவார்கள். முதுநகர் துறைமுகத்தில் இருந்து சங்கிலி, அதை மாட்டும் இரும்பு வளையமான ஷாக்கிள் வரும். பாண்டியில் ஒரு லேபில் சோதித்துவிட்டு, அந்த ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு "ரெண்டும் ஒத்துவரலையே சார்" என்று வருகிறவர்களும் உண்டு.

அப்படி வருகிற புகார்களில் பெரும்பகுதி கடைசியில் ஒரே இடத்தில் போய் நிற்கிறது: மாதிரியை எவ்வளவு வேகமாக இழுத்தோம் என்பதில். ஒரே இரும்பை வேகமாக இழுத்தால் கூடுதல் பலமாகத் தெரியும், மெதுவாக இழுத்தால் சற்று இளகியதாகத் தெரியும். சாதாரண மைல்டு ஸ்டீலில் வேகத்தைப் பத்து மடங்கு ஆக்கினால் ஈல்டு, அதாவது திரும்பாதபடி நீளத் தொடங்கும் இடத்தில் காட்டும் பலம், சுமார் 5 சதவீதம் ஏறும். டிஎம்டி கம்பியில் ஏற்றம் அதைவிடக் குறைவு. 6061 அலுமினியத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது. ஈயத்தில் எண்ணே முற்றிலும் மாறிவிடும். இந்த அளவு தெரிந்தால் கீழே உள்ளதைப் பின்பற்றப் போதும்.

5 சதவீதம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஈல்டு குறைந்தது 500 மெகாபாஸ்கல் வேண்டிய இடத்தில், 494 வந்திருக்க வேண்டிய கம்பி 507 என்று வந்தால், ஃபெயில் ஆக வேண்டிய ஒரு லோடு சரக்கே பாஸ் ஆகி யாரோ ஒருவர் வீட்டுக் கூரைக்குள் போய்விடும். வேகத்தால் நல்ல கம்பி ஃபெயில் ஆவது அபூர்வம். மோசமான கம்பி பாஸ் ஆவதுதான் வழக்கம். நான் சேர்ந்த இரண்டாவது வருடம் என் கையாலேயே அப்படி ஒன்று நடந்தது. வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள் என்று இழுக்கும் வேகத்தை அமைக்கும் எண்ணெய் வால்வை நன்றாகத் திறந்துவிட்டு வரிசையாக இழுத்தேன். மறுவாரம் அதே லோடில் இருந்து இன்னொரு துண்டு வந்தது. நிதானமாக இழுத்தேன், 500ஐத் தொடவில்லை. அந்த லோடில் பாதி அதற்குள் கான்கிரீட்டுக்குள் போயிருந்தது. அன்றில் இருந்து என் ரிஜிஸ்டரில் 'வேகம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது.

அறிகுறி 1: ஈல்டு கூடுதலாக வருகிறது; மில் சான்றிதழோடோ அடுத்த லேபோடோ ஒத்துவரவில்லை

பத்தில் ஏழு புகார் இதுதான். செலவில்லாததில் இருந்து ஆரம்பியுங்கள்.

*பரப்பளவை எப்படிப் போட்டீர்கள்?*

வேகத்தைச் சந்தேகப்படும் முன் இதைத் தீர்த்துவிடுங்கள். 12 மி.மீ. கம்பி என்றதும் 113.1 ச.மி.மீ. என்று போட்டுவிடுவது பல இடத்தில் பழக்கம். டிஎம்டி கம்பியில் விலா இருக்கிறது, உருட்டியதில் எடை கூடும் குறையும். கம்பிக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1786 சொல்வது எடையில் இருந்து பரப்பளவு எடுப்பது: கிலோவில் எடை, அதை மீட்டரில் நீளத்தால் வகுத்து, பின் 0.00785 ஆல் வகுக்க வேண்டும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ இருக்க வேண்டும். உங்கள் துண்டு 0.86 கிலோதான் என்றால் பரப்பளவு 109.6. ஈல்டு 56 கிலோநியூட்டனில் வந்தால், ஒருவர் கணக்கில் 495, இன்னொருவர் கணக்கில் 511. இரண்டு லேபும் சரியாக இழுத்திருக்கின்றன, ஆனால் ஒன்று பாஸ், ஒன்று ஃபெயில். இரண்டு ரிப்போர்ட்டிலும் கிலோநியூட்டன் ஒன்றாக இருந்து மெகாபாஸ்கல் மட்டும் வேறாக இருந்தால் இங்கேயே நின்றுவிடுங்கள், இயந்திரத்தைத் தொட வேண்டாம்.

*கிலோநியூட்டனே வேறா? ஸ்டாப்வாட்ச் எடுங்கள்*

கைப்பேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும். இழுவைச் சோதனைக்கான விதி ஐஎஸ் 1608 இரும்புக்குக் கொடுக்கும் அழுத்த வேகம் (ஒரு ச.மி.மீ. பரப்பில் விழும் இழுவிசை ஏறும் வேகம்) வினாடிக்கு 6 முதல் 60 மெகாபாஸ்கல் வரை. அதைக் கம்பிக்கு மாற்றி நான் சுவரில் ஒட்டி வைத்திருப்பது இப்படி: கம்பியைக் கவ்வும் பிடி (ஜா) கடித்து உட்காரும் ஆரம்ப இழுபறியை விட்டுவிடுங்கள். 100 மெகாபாஸ்கலில் இருந்து 400 மெகாபாஸ்கலுக்குப் போக எத்தனை வினாடி என்று மட்டும் பாருங்கள். 5 வினாடிக்குக் குறைந்தால் வேகம் கூடுதல், 50ஐத் தாண்டினால் மிக மெதுவு. 16 மி.மீ. கம்பியில் இது 20 கிலோநியூட்டனில் இருந்து 80 வரை. 12 மி.மீ. கம்பியில் 11ல் இருந்து 45 வரை. 8 மி.மீ. என்றால் 5ல் இருந்து 20 வரை.

8 மி.மீ. கம்பியில்தான் அதிகம் தவறுவோம். 25 மி.மீ. கம்பி இழுத்த கையோடு, வால்வை அதே இடத்தில் வைத்துக்கொண்டு 8 மி.மீ. போட்டால், எண்ணெய் அதே வேகத்தில் வரும், கம்பியோ பத்தில் ஒரு பங்கு. கண்ணிமைக்கும் நேரத்தில் ஈல்டைத் தாண்டிவிடும். கம்பி மாறும்போது வால்வும் மாற வேண்டும்.

ஐஎஸ் 2062 இ250 பிளேட்டில் ஈல்டு 250 அளவிலேயே வந்துவிடும். அங்கே 50ல் இருந்து 200 வரை எண்ணுங்கள், இரண்டரை வினாடிக்குக் குறையக் கூடாது. மைல்டு ஸ்டீலில் வேகத்தின் பாதிப்பும் கூடுதல் என்பதால், அதில் நான் எல்லையை ஒட்டிப் போவதே இல்லை. 10 வினாடியாவது எடுத்துக்கொள்வேன்.

*வினாடிக் கணக்கு சரி, ஆனாலும் கூடுதலா? ஈல்டு ஆரம்பித்த நொடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்*

இதைக் கண்டுபிடிக்க எனக்கே நாளாயிற்று. ஈல்டுக்கு முன்னால் கம்பி விறைப்பாக இருக்கிறது. வினாடிக்கு 30 மெகாபாஸ்கல் என்று இழுத்தாலும் கம்பி நீளும் வேகம் வினாடிக்குத் தன் நீளத்தில் 0.00015 பங்குதான். ஈல்டு வந்ததும் கம்பி இளகிவிடும். லோடு, அதாவது இழுவிசை, ஏறாது. ஆனால் லோடு வேகத்தைப் பார்த்து ஓட்டும் கன்ட்ரோலர், "ஏன் ஏறவில்லை" என்று வால்வை இன்னும் திறக்கும். கையால் ஓட்டுகிறவரும் முள் நின்றதைப் பார்த்துப் பழக்கத்தில் திறப்பார். அந்த ஒரு நொடியில் கம்பி பல மடங்கு வேகத்தில் இழுபடும். தட்டையாக வர வேண்டிய இடம் மேடாக வரும்.

ஈல்டு ஓடும்போது கம்பி நீளும் வேகம் வினாடிக்கு 0.00025 முதல் 0.0025 வரைக்குள் இருக்க வேண்டும். ஜாக்களுக்கு இடையே 300 மி.மீ. இருந்தால் நிமிடத்துக்கு 4.5 முதல் 45 மி.மீ., 100 மி.மீ. இருந்தால் 1.5 முதல் 15 மி.மீ. இடைவெளியை அளக்காமல் "நான் எப்பவும் 10ல வைப்பேன்" என்று சொன்னால் அதற்கு அர்த்தமில்லை. துண்டு பாதி நீளமானால் அதே 10 மி.மீ. இரண்டு மடங்கு வேகம்.

கையால் ஓட்டும் இயந்திரமா? ஈல்டுக்குச் சற்று முன்பே வேகத்தை அமைத்துவிட்டு, ஈல்டு முடியும் வரை வால்வில் இருந்து கையை எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் ஓட்டும் இயந்திரமா? ஈல்டுக்கு முன்பாக லோடு கன்ட்ரோலில் இருந்து பொசிஷன் கன்ட்ரோலுக்கு மாறும்படி புரோகிராமில் வையுங்கள். ஈல்டு தாண்டிய பிறகு அல்டிமேட்டுக்கு (கம்பி தாங்கும் உச்ச பலத்துக்கு) வினாடிக்கு 0.008 வரை போகலாம். அதற்கு மேல் அவசரப்பட்டு மிச்சமாவது ஒரு நிமிடம்தான்.

*டயல் வைத்த பழைய இயந்திரமா?*

ஊசல் எடையால் ஓடும் டயலில் முள் தன் வேகத்திலேயே கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பும். உச்ச எண்ணைக் காட்ட நிற்கும் சிவப்பு முள் அந்தத் தாண்டிய இடத்திலேயே நின்றுவிடும். அதே கம்பியில் இன்னொரு துண்டை மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் இழுங்கள். இரும்பு கொடுக்கும் வித்தியாசத்தை விட அதிகமாக, 8 அல்லது 10 சதவீதம் இறங்கினால் அதில் பாதி முள்ளின் வேலை.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது*

மெதுவாகவும் நடுத்தரமாகவும் மூன்று மூன்று துண்டு இழுத்து, எல்லாமே சான்றிதழை விட ஒரே அளவில் கூடுதலாக இருந்தால் அது வேகமல்ல. லோடு செல்லோ அழுத்தமானியோ நகர்ந்திருக்கிறது. ஐஎஸ் 1828 படி காலிபரேஷன் செய்பவரை வரவழையுங்கள். முதல் வகுப்பு இயந்திரம் 1 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை செய்கிறோம் என்றாலும், வெள்ளத்தில் தண்ணீர் புகுந்தாலோ இயந்திரத்தை இடம் மாற்றினாலோ தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். 2015 மழைக்குப் பிறகு நாங்கள் பம்ப் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தோம், அது போதவில்லை.

குறைவாக வந்தால்? வேகம் அதற்குக் காரணமாவது அரிது. பரப்பளவு, ஜா வழுக்கல், கோணல் பிடிப்பு என்று பாருங்கள். மூன்றும் சரி என்றால் கம்பிதான் குறை. ஃபெயில் என்று எழுதுங்கள்.

அறிகுறி 2: கிராஃபில் ஈல்டு எங்கே என்றே தெரியவில்லை

முதலில் கம்பி சுருளாக வந்ததா என்று கேளுங்கள். 8, 10 மி.மீ. கம்பிகளில் சுருளில் இருந்து நிமிர்த்தி வெட்டியவை உண்டு. நிமிர்த்தியதாலேயே அதன் ஈல்டு மேடை (லோடு ஏறாமல் கம்பி நீளும் தட்டையான பகுதி) அழிந்து, வளைவு வழுவழுப்பாக ஓடும். அதில் எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் முள் நிற்காது. நீட்சியை அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டர் மாட்டி 0.2 சதவீத புரூஃப் அழுத்தம் (0.2 சதவீதம் நிரந்தரமாக நீளும் இடத்து அழுத்தம்) எடுப்பதுதான் வழி. முள் லேசாகத் தயங்கிய இடத்தை ஈல்டு என்று எழுதிவிடாதீர்கள். அது பெரும்பாலும் ஜா வழுக்கிய இடம்.

நேர்க்கம்பிதானா? அப்படியானால் வேகம். அறிகுறி 1ன் ஸ்டாப்வாட்ச் சோதனையைச் செய்யுங்கள். வேகத்தைக் குறைத்ததும் மேடை தெரிந்தால் முடிந்தது.

வேகம் குறைத்தும் தெரியவில்லை, கம்ப்யூட்டர் இயந்திரம் என்றால், வினாடிக்கு எத்தனை புள்ளி பதிவாகிறது, கோட்டை வழவழப்பாக்கும் ஃபில்டர் எவ்வளவு என்று மென்பொருளில் பாருங்கள். கோடு அழகாக வர வேண்டும் என்று யாரோ ஃபில்டரை உச்சத்தில் வைத்திருப்பார்கள். மேல் ஈல்டு என்பது மேடை ஆரம்பிக்கும் இடத்தில் வரும் ஒரு சின்ன முனை, ஃபில்டர் அதைச் சீவிவிடும். அமைப்பை மாற்றத் தெரியாவிட்டால் சர்வீஸ் இன்ஜினியரைப் போனில் கேட்டாலே போதும், நேரில் வரத் தேவையிருக்காது.

அறிகுறி 3: இடையில் நிறுத்தினால் லோடு தானாக இறங்குகிறது

இதைப் பார்த்துப் பயந்து ஆயில் சீல் மாற்றியவர்களை எனக்குத் தெரியும். சீலில் குறையே இல்லை. ஈல்டில் ஓடிக்கொண்டிருக்கும் கம்பியை நிறுத்தினால் லோடு இறங்கத்தான் செய்யும். வேகம் கொடுத்த கூடுதல் பலம் வேகம் நின்றதும் போய்விடுகிறது.

இரண்டையும் பிரிக்க ஒரு வழி. தடித்த கம்பி ஒன்றைப் போட்டு, ஈல்டில் பாதிகூடத் தொடாத இடத்தில் நிறுத்தி ஒரு நிமிடம் பாருங்கள். அங்கே கம்பி விறைப்பாக இருக்கிறது, கம்பியால் பெரிதாக இறங்க வழியில்லை. அங்கேயும் லோடு சீராக இறங்கிக்கொண்டே போனால் எண்ணெய் கசிவு, அல்லது ஜா மெல்ல வழுக்குகிறது. ஜா பல்லில் சேர்ந்த இரும்புத் தூளை வயர் பிரஷால் தேய்த்துவிட்டு மறுபடி பாருங்கள். அதன் பிறகும் இறங்கினால் சீல், வால்வு. இதற்கு ஹைட்ராலிக் மெக்கானிக்தான் வேண்டும், நீங்களாகப் பிரிக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய்க் குழாயைத் தளர்த்துவது உயிருக்கு ஆபத்து.

அந்தப் பாதி இடத்தில் லோடு இறங்காமல் நின்று, ஈல்டில் மட்டும் இறங்கினால் கவலை வேண்டாம். கம்பியால் வரும் இறக்கத்துக்கு ஓர் அடையாளமும் உண்டு. முதல் சில வினாடிகளில் வேகமாக இறங்கி, பிறகு தேய்ந்து நிற்கும். திரும்ப இழுத்தால் பழைய உயரத்துக்கே வந்துவிடும். கசிவு அப்படித் தேயாது.

இந்த இறக்கத்தை நான் ஒரு கருவியாகவே வைத்திருக்கிறேன். எல்லையில் நிற்கும் கம்பி வந்தால் ஈல்டு மேடையில் சில நிமிடம் நிறுத்தி, எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்வேன். 503 காட்டிய கம்பி 480க்கு இறங்கினால், அந்த 23ல் பெரும்பகுதி என் வால்வு கொடுத்தது. ரிப்போர்ட்டில் விதிப்படியான எண்ணைத்தான் எழுத வேண்டும், எழுதுகிறேன். ஆனால் கொண்டுவந்தவரைக் கூப்பிட்டு, இன்னும் மூன்று துண்டு கொண்டுவாருங்கள் என்று சொல்வேன்.

அறிகுறி 4: அலுமினியத்தில் கிராஃப் ரம்பப் பல் மாதிரி வருகிறது

எந்த அலுமினியம் என்று கேளுங்கள். படகு வேலைக்கு வரும் 5083, பொது வேலைக்கு வரும் 5052 இரண்டிலும் மெக்னீசியம் இருக்கிறது. அறை வெப்பத்தில் இவை பல் பல்லாக நீள்வது அவற்றின் இயல்பு. பிரான்சில் போர்த்வான், லெ ஷாத்தெலியே என்ற இருவர் 1923லேயே எழுதிவைத்த விஷயம் இது. இயந்திரத்தைத் திட்ட வேண்டாம்.

சந்தேகம் தீர, அதே வேகத்தில் ஒரு மைல்டு ஸ்டீல் துண்டை இழுங்கள். ஈல்டைத் தாண்டிய பிறகு அதன் கோடு வழுவழுப்பாகப் போனால் இயந்திரம் நன்றாக இருக்கிறது. அதிலும் பல் வந்தால் பம்ப், சர்வோ வால்வு, தளர்ந்த லோடு செல் வயர் என்று சர்வீஸ்காரரிடம் சொல்லுங்கள். இன்னொரு சோதனை, அலுமினியத்தையே பத்து மடங்கு மெதுவாக இழுப்பது. பல்லின் அளவும் நெருக்கமும் மாறினால் அது உலோகத்தின் பல். இயந்திரக் கோளாறாக இருந்தால் பம்ப் துடிப்போடு ஒத்து, நேரக் கணக்கில் மாறாமல் வரும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரும்பில் பழகிய கை, "வேகமா இழுத்தா கூடும், அதனால கொஞ்சம் கழிச்சுக்கலாம்" என்று மனக்கணக்குப் போடும். 5083ல் அந்தக் கணக்கு செல்லாது. இந்த வகையில் வேகம் கூடும்போது பலம் லேசாகக் குறைவதும் உண்டு. அலுமினியத்துக்கு வேக எல்லையும் வேறு: வினாடிக்கு 2 முதல் 20 மெகாபாஸ்கல்தான்.

அறிகுறி 5: 304 ஸ்டெயின்லெஸ்ஸில் நீட்சி 40 சதவீதத்தை எட்டவில்லை

முதலில் உடைந்த இடம். அளவுக் குறிகளுக்கு வெளியேயோ ஜாவை ஒட்டியோ உடைந்திருந்தால் அந்தத் துண்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டாவது, மாதிரி வெட்டிய விளிம்பு. ஷியரிங் மெஷினில் வெட்டிய விளிம்பை மில்லிங் செய்யாமல் இழுத்தால் அங்கே இருந்தே கிழியும்.

இரண்டும் சரி என்றால், உடைந்த துண்டின் நடுவைக் கையுறை போட்ட விரலால் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சுடுகிறதா? வேகம்தான் காரணம். 304 நீளும்போது அதன் ஒரு பகுதி உள்ளுக்குள் கெட்டியான வேறு அமைப்பாக மாறுகிறது. ஓரிடத்தில் மட்டும் மெலிந்து கழுத்து விழாமல் நெடுந்தூரம் நீள்வது அதனால்தான். வேகமாக இழுத்தால் சூடு வெளியேற நேரமில்லை, சூடானால் அந்த மாற்றம் நடக்காது, சீக்கிரமே கழுத்து விழுந்துவிடும். பலம் கூடிக் காட்டுவதற்குப் பதில் அல்டிமேட்டும் சேர்ந்தே இறங்கலாம். இன்னொரு துண்டை நாலில் ஒரு பங்கு வேகத்தில் இழுங்கள். நீட்சி ஏறிவிட்டால் முதல் ரிப்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். ஏறவில்லை என்றால் அது 304தானா என்று, உலோகக் கலவையைக் காட்டும் ஸ்பெக்ட்ரோ சோதனைக்கு அனுப்ப வேண்டும். காந்தம் வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள், இழுத்த 304 காந்தத்தில் ஒட்டும்.

நம் ஊர் வெயிலும் இதில் சேரும். விதிப்படி அறை 10 முதல் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் கரண்ட் போன மதிய நேரத்தில் எங்கள் கூடம் அதைத் தாண்டிவிடும். அந்த நாட்களில் ஸ்டெயின்லெஸ்ஸைக் காலை எட்டு மணிக்கே இழுத்துவிடுகிறேன்.

அறிகுறி 6: ஈயம், சால்டர் (பற்றவைக்கும் ஈயக் கலவை), இழுக்க இழுக்க வேறு வேறு எண்

இதில் கோளாறே இல்லை. ஈயம் உருகுவது 327 டிகிரியில். கெல்வின் கணக்கில் நம் அறை வெப்பமே அதில் பாதி. அதனால் சும்மா எடை தொங்கவிட்டாலே நாளடைவில் நீளும். வேகத்தைச் சொல்லாமல் ஈயத்துக்குப் பலம் என்று ஒரு எண் கிடையாது. வாடிக்கையாளரிடம் எந்த வேகத்தில் வேண்டும் என்று எழுதி வாங்குங்கள், எல்லாத் துண்டையும் அதே வேகத்தில் இழுங்கள்.

அறிகுறி 7: லேபில் பாஸ் ஆன போல்ட், முடுக்கி இரண்டு நாள் கழித்துத் தலை தெறிக்கிறது

இது வரை வேகத்தைக் குறைக்கச் சொன்னேன். இங்கே கதை வேறு: வேகமான சோதனையால் பிடிக்கவே முடியாத நோய் இது.

எளிய காரணத்தில் இருந்து வாருங்கள். இம்பாக்ட் ரெஞ்சால் அளவில்லாமல் முடுக்கினார்களா? அப்படியானால் முடுக்கும்போதோ உடனேயோ உடையும், உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் மரை இழுபட்டு மெலிந்திருக்கும். டார்க் ரெஞ்சால் முடுக்கச் சொல்லுங்கள், எண்ணெய் தடவிய போல்டுக்கும் காய்ந்த போல்டுக்கும் ஒரே டார்க் வைக்கக் கூடாது என்றும் சொல்லுங்கள்.

மெலிவே இல்லாமல், பல மணி நேரம் அல்லது நாள் கழித்து, தலைக்குக் கீழேயோ முதல் மரையிலோ சட்டென்று உடைந்திருக்கிறதா? போல்ட் 10.9 அல்லது 12.9 என்ற உயர்பல ரகமா? மின்முலாம் பூசிய ஜிங்க் பளபளப்பா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் ஹைட்ரஜனைச் சந்தேகியுங்கள். அமிலத்தில் கழுவி முலாம் பூசும்போது இரும்புக்குள் ஹைட்ரஜன் நுழைகிறது. அது அழுத்தம் அதிகமுள்ள இடத்துக்கு மெல்ல நகர்ந்து சேர வேண்டும், அதற்கு நேரம் வேண்டும். நம் யூடிஎம்மில் இரண்டு நிமிடத்தில் இழுத்து உடைத்தால் அது சேர்வதற்குள் சோதனை முடிந்துவிடும். போல்ட் கம்பீரமாகப் பாஸ் ஆகும்.

செய்ய வேண்டிய சோதனை எளிது, பொறுமைதான் வேண்டும். அதே பெட்டியில் இருந்து நாலைந்து போல்டை ஒரு கனத்த பிளேட்டில் முழு அளவுக்கு முடுக்கி, மேலே கம்பிவலைக் கூண்டு கவிழ்த்து, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தெறிக்கும் தலை துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும், கூண்டில்லாமல் செய்யவே கூடாது. ஒன்று தெறித்தாலும் அந்தப் பெட்டியை ஒதுக்குங்கள். முலாம் போட்டவரிடம், பூசிய 4 மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரியில் சுட்டார்களா என்று கேளுங்கள். "பிறகு சுட்டுத் தருகிறோம்" என்றால் ஏற்காதீர்கள், உள்ளே விரிசல் ஆரம்பித்திருந்தால் சுட்டு மூட முடியாது. ஒன்றும் தெறிக்கவில்லை, ஆனால் தளத்தில் உடைந்துகொண்டே இருக்கிறது என்றால் உடைந்த முகத்தை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் உலோகவியலாளரிடம் போக வேண்டும். அதற்குச் செலவாகும். கிரேன், தூக்கு மேடை, அழுத்தக் கலன் இவற்றின் போல்ட் என்றால் செலவைப் பார்க்காதீர்கள்.

அறிகுறி 8: புரூஃப் லோடு (சோதனைக்காக ஏற்றிப் பார்க்கும் லோடு) தாங்கிய சங்கிலியோ ஷாக்கிளோ கடலில் அறுந்துவிட்டது

முதுநகரில் இருந்து ஒரு விசைப்படகுக்காரர் வந்தார். கையில் அறுந்த சங்கிலிக் கண்ணி. "நீதான தம்பி இழுத்துப் பாத்து நல்லாருக்குன்னு சொன்ன? வலை கல்லுல மாட்டுச்சு, ஒரு இழுப்புதான்" என்றார். நான் இழுத்தது உண்மை, தாங்கியதும் உண்மை. ஆனால் நான் இழுத்தது மெல்ல ஏற்றி. கடல் அப்படி இழுக்காது.

*முதல் கேள்வி: உண்மையில் எவ்வளவு லோடு வந்தது?*

வேகம் இரும்பின் பலத்தைக் கூட்டுகிறது என்றால் வெடுக்கென்று இழுத்தால் தாங்க வேண்டியதுதானே என்று தோன்றும். பலம் கூடுவது சில சதவீதம், லோடு கூடுவதோ மடங்குக் கணக்கில். 1 டன்னை மெல்லத் தொங்கவிட்டால் 1 டன். அதையே தொட்டுக்கொண்டிருக்கும் நிலையில் சட்டென்று கைவிட்டால் ஒரு கணம் 2 டன். சங்கிலி தொய்ந்திருந்து, பிறகு படகு அலையில் எழும்பி இழுத்தால் அதற்கும் மேல். அதனால் முதலில் செலவில்லாத கேள்விகள்: சங்கிலி தொய்வாக இருந்ததா, நடுவில் நைலான் கயிறு கொடுத்திருந்தீர்களா, வின்ச் பிரேக் வழுக்கிப் பிடித்ததா? நீளும் கயிறு ஒரு துண்டு இடையில் இருந்தாலே வெடுக்கு பெருமளவு குறைந்துவிடும்.

*இரண்டாவது: கண்ணி நீண்டு உடைந்ததா, நீளாமல் உடைந்ததா?*

உடையாத பக்கத்துக் கண்ணிகளை வெர்னியரால் அளங்கள். அவையும் நீண்டிருந்தால் மொத்த லோடு அதிகம், சங்கிலி அளவு போதாது. பெரிய அளவு வாங்க வேண்டியதுதான்.

பக்கத்துக் கண்ணிகள் அப்படியே இருந்து, உடைந்த முகம் மட்டும் தட்டையாக, சர்க்கரைத் துகள் மாதிரி மின்னினால் அது வேறு வகை. துருக்குழி, வெல்டு ஓரம், ரம்பம் பட்ட கீறல் இவற்றில் ஒன்று முனையாக இருந்திருக்கும். கீறலும் வேகமும் சேர்ந்தால், மெதுவாக இழுத்தால் வளையும் இரும்பே கண்ணாடி மாதிரி உடையும். நம் கடலோரத்தில் குளிர் இல்லையே என்பார்கள். வேகம் குளிரின் வேலையைக் கொஞ்சம் செய்துவிடும்: எந்த வெப்பத்துக்குக் கீழே இரும்பு நொறுங்குமோ அந்த எல்லையை அது மேலே தள்ளுகிறது.

இதை இழுவைச் சோதனை காட்டவே காட்டாது. சார்ப்பிதான் காட்டும். 10க்கு 10க்கு 55 மி.மீ. துண்டு, 2 மி.மீ. ஆழ வி வெட்டு, சுத்தியல் வந்து மோதும் வேகம் வினாடிக்கு 5 மீட்டருக்குச் சற்று மேல். ஐஎஸ் 2062ல் இ250 பிஆர் ரகத்துக்குச் சார்ப்பி சோதனை கேட்டு வாங்கினால் அறை வெப்பத்தில் 27 ஜூல் வாங்க வேண்டும், 'ஏ' ரகத்துக்கு அந்தச் சோதனையே இல்லை. அதிர்ச்சி வாங்கும் இடத்துக்கு 'ஏ' ரகப் பிளேட்டில் பேடு ஐ, லக் (ஷாக்கிள் மாட்டும் துளையிட்ட காதுகள்) செய்து வெல்டு வைத்திருந்தால், இழுவை ரிப்போர்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எனக்கு நிம்மதி இல்லை. வாங்கும்போதே பிஆர் என்றும், சார்ப்பி சோதனையோடு வேண்டும் என்றும் எழுதிக் கேளுங்கள்.

*நிபுணரிடம் போக வேண்டிய இடம்*

ஆள் ஏறும் தூக்கியில் உடைந்திருந்தாலோ, ஒருவருக்கு அடிபட்டிருந்தாலோ, அதே பெட்டியில் வாங்கிய சங்கிலி வேறு படகுகளிலும் இருந்தாலோ, நானோ நீங்களோ முடிவு சொல்லக் கூடாது. உடைவு ஆய்வு செய்யும் உலோகவியலாளரிடம் கொடுக்க வேண்டும். அதுவரை உடைந்த இரண்டு முகங்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள், தேய்க்காதீர்கள், துருவை எமரித் தாளால் துடைக்காதீர்கள். உப்புத்தண்ணீர் பட்டிருந்தால் நல்ல தண்ணீரில் மெல்ல அலசி, உடனே காயவைத்து, இரண்டு துண்டையும் தனித்தனியாகக் காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். எந்தத் துண்டு படகுப் பக்கம், எந்தத் துண்டு வலைப் பக்கம் என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். அன்று வந்த படகுக்காரர் கண்ணியைச் சட்டைப் பையில் சில்லறையோடு போட்டுக்கொண்டு வந்திருந்தார். முகம் முழுக்கத் தேய்ந்திருந்தது, விரிசல் எங்கே ஆரம்பித்தது என்று கடைசிவரை எங்களால் சொல்ல முடியவில்லை.